தலைச்சுற்றல், அசதி, வயிற்றுக் கோளாறு: சென்னைவாசிகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தலை கிறுகிறுக்கிறது, உடம்பு அடித்துப் போட்டாற்போல் இருக்கிறது, வயிறும் சரியில்லை. இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் நம் ஊரில் பெயர் தயாராக இருக்கும்: பித்தம், கேஸ், சூடு, இல்லையென்றால் லோ பிபி. பெயர் வைத்ததும் மெடிக்கல் ஷாப்பில் ஒரு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வோம். ஆனால் பெயரைவிட முக்கியமானது, அது எப்போது வருகிறது என்பதுதான். எழுந்து நிற்கும்போதா, புரண்டு படுக்கும்போதா, வெயிலில் போய் வந்த பிறகா, மாத்திரை போட்ட ஒரு மணி நேரத்திலா? பாதி விடை அதிலேயே கிடைத்துவிடும்.

முதலில் பயத்தைத் தீர்த்துவிடுங்கள். எப்போது உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்?

தலைச்சுற்றலோடு வாய் கோணுவது, பேச்சு குழறுவது, ஒரு பக்கக் கை கால் தளர்வது, பொருள்கள் இரண்டிரண்டாகத் தெரிவது, நடக்க முடியாமல் ஒரு பக்கமாகச் சாய்வது, இவற்றில் எது இருந்தாலும் பக்கவாதமா என்று பார்க்க வேண்டும். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். "தூங்கி எழுந்தா சரியாயிடும்" என்று படுக்க வைத்தால் அந்த நேரம் கைவிட்டுப் போய்விடும்.

இரண்டாவது, மாரடைப்பு. சர்க்கரை நோயாளிகள், பெண்கள், வயதானவர்கள் பலருக்கு நெஞ்சுவலியே பெரிதாக இருக்காது. குளிர்ந்த வியர்வை, குமட்டல், மேல்வயிற்றில் அழுத்தம், தாடையிலோ இடது தோளிலோ ஒரு வலி, தாங்க முடியாத அசதி, இப்படித்தான் வரும். "கேஸ் நெஞ்சை அடைக்குது" என்று சோடா குடித்துவிட்டு உட்கார்ந்திருப்பவருக்கு ஒரு இசிஜி எடுத்துப் பார்க்க ஐந்து நிமிடம்கூட ஆகாது.

மூன்றாவது, தார் போலக் கறுத்த மலம் அல்லது ரத்த வாந்தி, கூடவே மயக்கம். வயிற்றுக்குள் ரத்தம் கசிகிறது என்று பொருள். (இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டாலும் மலம் கறுக்கும். ஆனால் அது தாரைப் போல் ஒட்டாது, அந்தக் கெட்ட நாற்றமும் இருக்காது. சந்தேகம் இருந்தால் காட்டிவிடுங்கள்.)

இவை எதற்கும் 108. ஆட்டோவோ டாக்சியோ பிடித்து டிராஃபிக்கில் மாட்டிக்கொள்வதைவிட, வழியிலேயே சிகிச்சையைத் தொடங்கும் வண்டி நல்லது.

"தலை சுத்துது" என்று சொன்னால் டாக்டர் ஏன் குறுக்கு விசாரணை செய்கிறார்?

ஏனென்றால் அந்த ஒரே சொல்லுக்குள் மூன்று தனித்தனி விஷயங்கள் இருக்கின்றன. அறையே சுற்றுவது போல இருந்தால் பெரும்பாலும் காது, சில சமயம் மூளை. கண் இருட்டிக்கொண்டு வந்து விழப்போவது போல இருந்தால் ரத்த அழுத்தம், நீர்ச்சத்து, இதயம், ரத்தசோகை. கால் தரையில் பாவாமல் தள்ளாடினால் நரம்பு, பார்வை, வயது. டாக்டரிடம் "ஒரு மாதிரியா இருக்கு" என்பதற்குப் பதிலாக இந்த மூன்றில் எது என்று சொல்லிப் பாருங்கள், அவருக்கும் வேலை எளிது.

படுக்கையில் புரண்டால் வீடே சுற்றுகிறது, வாந்தி வருகிறது. இது பித்தம்தானே?

இது காது. உள்காதில் சுண்ணாம்புத் துகள்கள் இருக்கின்றன. அவை தம் இடத்திலிருந்து நழுவி, சமநிலையை உணரும் அரைவட்டக் குழாய்க்குள் விழுந்துவிட்டால், தலையை ஒரு பக்கம் திருப்பும்போதெல்லாம் உலகமே சுழலும். பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் அடங்கிவிடும். பரணிலிருந்து பாத்திரம் எடுக்க அண்ணாந்தாலும் வரும். வாந்தி வருவதால் வயிற்றுக் கோளாறு என்று நினைத்து எலுமிச்சை சாறும் இஞ்சிச் சாறும் குடிப்பவர்கள் நிறைய.

தலைச்சுற்றல் மாத்திரை குமட்டலைக் குறைக்கும், அவ்வளவுதான். துகளைத் திரும்ப இடத்தில் வைக்காது. அதற்கு எப்ளி என்ற முறை இருக்கிறது. ஜான் எப்ளி என்ற அமெரிக்கக் காது மருத்துவர் வகுத்தது. நோயாளியை மல்லாக்கப் படுக்கவைத்து, தலையைக் குறிப்பிட்ட வரிசையில் திருப்பித் திருப்பி, துகளை வெளியே உருட்டிவிடுவார்கள். பலருக்கு ஒன்றிரண்டு தடவையில் சரியாகிவிடும். எந்தக் காது என்று தெரியாமல் வீடியோ பார்த்து வீட்டிலேயே செய்ய வேண்டாம். கழுத்து எலும்புத் தேய்மானம் இருந்தால் கண்டிப்பாக வேண்டாம். முதல் தடவை ஒரு காது மூக்கு தொண்டை டாக்டரிடம் செய்துகொள்ளுங்கள்.

காலையில் காபி மட்டும் குடித்துவிட்டு ரயில் ஏறுகிறேன். கூட்டத்தில் நின்றால் கண் இருட்டுகிறது. லோ சுகரா, லோ பிபியா?

சர்க்கரை நோய்க்கு மருந்து எடுக்காதவருக்கு ஒரு வேளை சாப்பிடாததால் ரத்தச் சர்க்கரை அபாயமாக இறங்குவது அபூர்வம். தாம்பரத்திலிருந்து கடற்கரை வரை போகும் எட்டரை மணி வண்டியை நினைத்துப் பாருங்கள். கம்பியைப் பிடித்தபடி அசையாமல் நிற்கிறீர்கள். காற்று வரவில்லை, சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டிருக்கிறது, முந்தைய இரவு சாப்பிட்டதோடு சரி, தண்ணீரும் குடிக்கவில்லை. காலில் தேங்கும் ரத்தம் மேலே ஏற வேண்டுமானால் கெண்டைக்கால் தசை இயங்க வேண்டும். அதுவும் அசையவில்லை. இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறைய, காது அடைத்து, வியர்த்து, வயிற்றைப் பிரட்டி, கண் இருட்டும். குமட்டல் இதில் தனி நோயல்ல, மயக்கத்துக்கு முன்னால் வரும் அறிவிப்பு.

அந்த அறிவிப்பு வந்ததும் கௌரவம் பார்க்காமல் உட்கார்ந்துவிடுங்கள், தரையானாலும் பரவாயில்லை. முடிந்தால் படுத்துக் காலை உயர்த்துங்கள். உட்காரவே இடமில்லை என்றால் தொடைகளை ஒன்றோடொன்று அழுத்தி, கெண்டைக்காலை இறுக்கி இறுக்கி விடுங்கள். யாராவது மயங்கி விழுந்தால் சுற்றி நிற்பவர்கள் வாயில் தண்ணீரோ சோடாவோ ஊற்றக்கூடாது, புரையேறிவிடும். கையில் சாவிக்கொத்தைத் திணிப்பதும் வேண்டாம், அது வலிப்புக்கும் உதவாது, மயக்கத்துக்கும் உதவாது. ஒன்றிரண்டு நிமிடத்தில் தெளியவில்லை என்றாலோ, ஓடும்போதோ வேலை செய்யும்போதோ மயங்கினாலோ, நெஞ்சு படபடத்துவிட்டு விழுந்தாலோ இதயத்தைப் பரிசோதிக்க வேண்டும்.

சர்க்கரைக்கு இன்சுலினோ கிளிமிபிரைடு வகை மாத்திரையோ எடுப்பவர் கதை வேறு. கை நடுக்கம், வியர்வை, கொலைப்பசி, கிறுகிறுப்பு வந்தால் குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். மீட்டர் கையில் இல்லையென்றால் சந்தேகத்தின் பலனை சர்க்கரைக்கே கொடுங்கள். ஏறிய பிறகு சாப்பாடும் சாப்பிட வேண்டும், ஏனென்றால் அந்த மாத்திரையின் வேலை இன்னும் முடிந்திருக்காது.

கத்திரி வெயிலில் வெளியே போய் வந்தால் இரண்டு நாள் எழுந்திருக்கவே முடியவில்லை. ஏன்?

மே 4-ஐ ஒட்டித் தொடங்கி மாதக் கடைசி வரை ஓடும் அக்னி நட்சத்திரத்தில் பாதரசம் 40 டிகிரியைத் தொடுவது சென்னைக்குப் புதிதல்ல. ஆனால் வேலூரில் அதே 40-ஐத் தாங்குபவர் இங்கே துவண்டுவிடலாம். காரணம் ஈரப்பதம். வியர்வை ஆவியானால்தான் உடம்பு குளிரும். கடற்கரை ஊரில் அது ஆவியாகாமல் சொட்டிக்கொண்டே இருக்கும், நீரும் உப்பும் போகும், குளிர்ச்சி மட்டும் கிடைக்காது. கடற்காற்று மதியத்துக்குள் உள்ளே வராத நாட்களில் இன்னும் மோசம்.

தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல், கெண்டைக்காலில் குரக்களி என்றால் வெப்பச் சோர்வு. நிழலுக்குப் போய், சட்டையைத் தளர்த்தி, ஈரத்துணியால் துடைத்து, உப்புப் போட்ட மோரோ ஓஆர்எஸ்ஸோ கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்தால் அரை மணி, ஒரு மணி நேரத்தில் தெளியும். ஆள் உளறினாலோ, உடம்பு நெருப்பாய்க் கொதித்து 40 டிகிரிக்கு மேல் போனாலோ அது வெப்ப வாதம், உயிர் ஆபத்து. 108-ஐ அழைத்துவிட்டு, வண்டி வரும்வரை உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் ஐஸ் வையுங்கள். நினைவு சரியாக இல்லாதவருக்குக் குடிக்க எதுவும் கொடுக்க வேண்டாம்.

எவ்வளவு தண்ணீர் குடிப்பது என்று லிட்டர் கணக்குக் கேட்பார்கள். சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் போதும், அடர் மஞ்சள் என்றால் போதவில்லை. இதயம் பலவீனமானவர்களும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் இந்தக் கணக்கைப் பின்பற்றக் கூடாது. அவர்களுக்கு டாக்டர் சொன்ன அளவுதான். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் இளநீரும் கேட்டுவிட்டுத்தான் குடிக்க வேண்டும், அதில் பொட்டாசியம் அதிகம்.

நாலு தடவை வயிற்றாலே போய்விட்டது, எழுந்தால் தலை சுற்றுகிறது. ஓஆர்எஸ் எப்படிக் கலப்பது?

இந்த மூன்று தொந்தரவும் ஒன்றாக வருவதற்கு மிகச் சாதாரணமான காரணம் இதுதான். வயிற்றுப்போக்கும் வாந்தியும் நீரை இறக்குகின்றன, நீர் இறங்கினால் அழுத்தம் இறங்குகிறது, எழுந்தால் சுற்றுகிறது. கொல்வது கிருமியைவிட நீர் இழப்பு. 1971-ல் வங்கதேச அகதிகள் முகாமில் காலரா பரவியபோது, ட்ரிப்ஸ் பாட்டில்கள் தீர்ந்துபோன நிலையில், டாக்டர் திலீப் மகாலனோபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த தண்ணீரை டிரம்களில் வைத்து, உறவினர்களையே புகட்டச் சொல்லிப் பெரும்பாலோரைக் காப்பாற்றினார். அந்தத் தண்ணீர்தான் இன்று மெடிக்கல் ஷாப்பில் பாக்கெட்டாகக் கிடைக்கிறது.

உலக சுகாதார நிறுவனத்தின் கலவை லிட்டருக்கு 20.5 கிராம். அதில் குளுக்கோஸ் 13.5 கிராம், சமையல் உப்பு 2.6 கிராம், மீதி பொட்டாசியம் உப்பும் சிட்ரேட்டும். இந்த விகிதம்தான் மருந்து. பெரிய பாக்கெட்டை ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் முழுவதுமாகக் கொட்டுங்கள். டம்ளருக்கு அரை ஸ்பூன் என்று கண்ணளவில் கலப்பது தவறு. 200 மில்லிக்கான சின்னப் பாக்கெட்டும் உண்டு, உறையைப் படித்துப் பாருங்கள். 24 மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம். பாக்கெட் இல்லையென்றால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, இரண்டும் தலைதட்டி. உப்பு மட்டும் கூடிவிடக் கூடாது.

அட்டைப்பெட்டியில் ஆரஞ்சு, ஆப்பிள் சுவையில் விற்கும் பானங்கள் வேறு. சர்க்கரை கூடினால் குடலுக்குள் நீர் இழுக்கப்பட்டு வயிற்றுப்போக்கு அதிகமாகும். சரியான கலவை இல்லாத பானங்கள் பெயரில் ஓஆர்எஸ் என்று போட்டுக்கொள்ளக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவிட்டது. கோலா வகைகளில் லிட்டருக்கு நூறு கிராமுக்கு மேல் சர்க்கரை, அதனால் "வயிறு மந்தத்துக்கு ஒரு கூல்டிரிங்க்ஸ்" என்ற வழக்கத்தை இந்த நேரத்திலாவது விட்டுவிடுங்கள்.

வாந்தி வந்தால் பத்து நிமிடம் விட்டு, ஸ்பூன் ஸ்பூனாகத் தொடருங்கள். குழந்தைக்கு ஓஆர்எஸ்ஸுடன் துத்தநாகமும் 14 நாள் கொடுப்பார்கள், ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். ரத்தம் கலந்து போனாலோ காய்ச்சல் அடித்தாலோ, போக்கை நிறுத்தும் மாத்திரை போடாதீர்கள். மீதமிருந்த ஆன்டிபயாட்டிக்கைத் தேடி எடுக்காதீர்கள், பெரும்பாலான வயிற்றுப்போக்குக்கு அது தேவையே இல்லை. ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை, எதைக் குடித்தாலும் நிற்கவில்லை, குழந்தை அழுதால் கண்ணீர் வரவில்லை என்றால் வீட்டு வைத்தியம் போதாது.

பிபிக்கு நீர்மாத்திரை, சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் அல்லது டாபாக்ளிஃப்ளோசின் எடுப்பவர்கள், வாந்திபேதி நாட்களில் அவற்றைத் தொடரலாமா என்று டாக்டருக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள். இன்சுலினை மட்டும் நீங்களாக நிறுத்த வேண்டாம்.

வயிறு சரியாகும்வரை பட்டினி கிடக்கலாமா?

வேண்டாம். இட்லி, குழைந்த ரசம் சாதம், மோர் சாதம், அரிசிக் கஞ்சி, வாழைப்பழம் போதும். காரக்குழம்பும் பரோட்டாவும் நாலு நாள் காத்திருக்கட்டும். சிலருக்கு இரண்டொரு வாரம் பால் ஒத்துக்கொள்ளாமல் உப்புசம் பண்ணும், மோர் ஒத்துக்கொள்ளும். பழைய சோற்று நீராகாரம் நல்லதுதான், ஆனால் ஊற வைத்த தண்ணீர் சுத்தமானதாக இருக்க வேண்டும்.

கேன் தண்ணீர்தான் வாங்குகிறோம், ஆனாலும் வயிறு கெடுகிறதே?

கேன் சரியாக இருக்கலாம். அதைக் கவிழ்த்து வைக்கும் டிஸ்பென்சரை எப்போது கழுவினீர்கள்? பாத்திரமும் காய்கறியும் கழுவுவது சம்ப் தண்ணீரில்தானே? மழைத் தண்ணீர் தெருவில் நின்ற வாரத்தில் சம்ப்பில் சாக்கடை கலப்பது சாதாரணம். தண்ணீர் கலங்கினாலோ நாற்றம் அடித்தாலோ குடிநீர் வாரியத்தில் புகார் செய்யுங்கள், சம்ப்பைக் கழுவிக் குளோரின் போடுங்கள், அதுவரை கொதிக்க வைத்தே குடியுங்கள்.

காய்ச்சல் விட்டுவிட்டது, ஆனால் இப்போதுதான் அசதியும் வயிற்றுவலியும் அதிகம். நல்லதா கெட்டதா?

மழைக்காலமாக இருந்தால் கெட்டது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். டெங்குவில் ஆபத்து காய்ச்சல் உச்சத்தில் இருக்கும்போது அல்ல, இறங்கும்போது. தீராத வயிற்றுவலி, தொடர் வாந்தி, ஈறில் ரத்தம், எழுந்தால் மயக்கம், கை கால் சில்லிடுவது என்றால் அன்றைக்கே அட்மிட் ஆக வேண்டியிருக்கும். வலிக்கு பாரசிட்டமால் மட்டும். டைக்ளோஃபினாக், ஐபுபுரோஃபென், ஆஸ்பிரின் ரத்தக் கசிவைக் கூட்டும். (இதயத்துக்காக ஆஸ்பிரின் எடுப்பவர் டாக்டரிடம் கேட்டு முடிவு செய்யட்டும்.) நிலவேம்புக் கசாயம் குடிப்பவர்கள் குடியுங்கள், ஆனால் அது நீர்ச்சத்துக்கும் ரத்தப் பரிசோதனைக்கும் மாற்று இல்லை.

கேஸ் மாத்திரை தினமும் வெறும் வயிற்றில் போடுகிறேன். வருஷக்கணக்கில். தப்பா?

யார் எதற்காக எழுதிக் கொடுத்தார்கள் என்று ஞாபகம் இருக்கிறதா? இருந்தால் அவரிடமே இன்னும் வேண்டுமா என்று கேளுங்கள். இல்லையென்றால் இன்னும் அவசரமாகக் கேளுங்கள். பான்டோப்ரசோல் வகை நல்ல மருந்து. ஆனால் அமிலத்தை வருஷக்கணக்கில் அடக்கி வைத்தால் சிலருக்கு பி12, மெக்னீசியம் குறையும், அதுவே அசதியாக வந்து நிற்கும். அசதிக்கு காபி, காபியால் நெஞ்செரிச்சல், எரிச்சலுக்கு மறுபடி மாத்திரை. மூட்டுவலிக்குத் தினமும் வலிமாத்திரை போடுகிறவர் என்றால் எரிச்சலுக்குக் காரணம் அங்கேயே இருக்கலாம்.

நாற்பது, ஐம்பது வயதுக்குப் பிறகு புதிதாகத் தொடங்கிய அஜீரணம், காரணமில்லாமல் எடை குறைவது, விழுங்கும்போது அடைப்பது இருந்தால் மாத்திரையை நிறுத்திவைத்து எண்டோஸ்கோப்பிக்குப் போங்கள்.

எட்டு மணி நேரம் தூங்கினாலும் அசதி. என்னென்ன டெஸ்ட் எடுக்க வேண்டும்?

பெண் என்றால் முதல் சந்தேகம் ரத்தசோகை. 2019-21 தேசிய குடும்பநல ஆய்வில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை உள்ளவர்கள். ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே இருந்தால் குறைவு, ஆண்களுக்கு 13. மாதவிலக்கில் நாப்கின் மாற்றி மாளவில்லை என்பதை வீட்டிலேயே சொல்லாமல் மாடிப்படி ஏற மூச்சு வாங்கும் பெண்கள் நம் தெருவிலேயே இருப்பார்கள். இரும்புச்சத்து மாத்திரை வயிற்றைப் பிரட்டினால் டாக்டரிடம் சொல்லி ஒன்றுவிட்டு ஒரு நாள் போட முடியுமா என்று கேளுங்கள், நிறுத்திவிடாதீர்கள். சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரத்துக்கு டீ, காபி வேண்டாம், அவை இரும்பைச் சேரவிடாது. முருங்கைக்கீரையோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்ந்தால் நல்லது. ஆணுக்கோ, மாதவிலக்கு நின்ற பெண்ணுக்கோ ரத்தசோகை என்றால் மாத்திரையோடு விடக்கூடாது, ரத்தம் எங்கே போகிறது என்று வயிற்றையும் குடலையும் பார்க்க வேண்டும்.

முழு ரத்த எண்ணிக்கை, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை, தைராய்டுக்கு டிஎஸ்ஹெச், சிறுநீரகத்துக்கு கிரியேட்டினின், சைவம் அல்லது மெட்ஃபார்மின் என்றால் பி12. ஆரம்பத்துக்கு இது போதும். எண்பது டெஸ்ட் பேக்கேஜ் எடுத்தால் ஏதாவது ஒன்று சிவப்பு எழுத்தில் வரத்தான் செய்யும், பிறகு அதைத் துரத்திக்கொண்டு ஓட வேண்டியதுதான். பலமாகக் குறட்டை விடுகிறீர்கள், பகலில் சிக்னலில்கூடக் கண் அசருகிறது என்றால் ரத்தத்தில் இல்லை, தூக்கத்தில் மூச்சு தடைப்படுகிறதா என்று பார்க்க வேண்டும். ஓஎம்ஆரில் இரவுப் பணி பார்ப்பவர்களுக்கு அசதியும் அஜீரணமும் சேர்ந்தே வரும். விடியற்காலை மூன்று மணி பிரியாணியைக் குடல் மன்னிப்பதில்லை.

பலவீனத்துக்கு கிளினிக்கில் ஒரு பாட்டில் ட்ரிப்ஸ் ஏற்றிக்கொள்ளலாமா?

5 சதவீத குளுக்கோஸ் அரை லிட்டர் பாட்டிலில் இருப்பது 25 கிராம் சர்க்கரை. இரண்டு இட்லியின் சக்தி. வாயால் குடிக்க முடிகிறவருக்குத் தேவையில்லை.

அம்மாவுக்கு எழுபது வயது. பாத்ரூம் போக எழுந்தால் தள்ளாடுகிறார். பிபி மாத்திரை காரணமா?

இருக்கலாம். கேட்டுக்கொண்டிருப்பதைவிட அளந்து பாருங்கள். ஐந்து நிமிடம் படுக்க வைத்து பிபி பாருங்கள், பிறகு நிற்க வைத்து ஒரு நிமிடத்திலும் மூன்றாவது நிமிடத்திலும் பாருங்கள். பக்கத்திலேயே நில்லுங்கள். மேல் எண் 20 அல்லது அதற்கு மேல் இறங்கினால் எழுதிக்கொண்டு போய் டாக்டரிடம் காட்டுங்கள். மாத்திரையின் அளவையோ நேரத்தையோ மாற்றுவார். அப்பாவுக்கு என்றால், ப்ராஸ்டேட் மாத்திரை எடுக்கிறாரா என்றும் பாருங்கள், அதுவும் இதைச் செய்யும். நீங்களாக நிறுத்த வேண்டாம். ஏகாதசி, கிருத்திகை என்று விரதம் இருக்கும் நாளில் மாத்திரையை என்ன செய்வது என்று முன்கூட்டியே கேட்டுவைக்கச் சொல்லுங்கள். இரவு எழுந்தால் கட்டில் ஓரத்தில் ஒரு நிமிடம் உட்கார்ந்து, காலை ஆட்டிவிட்டு எழட்டும். இந்த வயதில் தலைச்சுற்றலைவிட, விழுந்து இடுப்பெலும்பு முறிவதுதான் பெரிய கவலை.

நாள் தள்ளிப்போயிருக்கிறது, தலைசுற்றலும் குமட்டலும் இருக்கிறது.

எந்த மாத்திரைக்கும் எக்ஸ்ரேவுக்கும் முன் கர்ப்பப் பரிசோதனை. அதோடு அடிவயிற்றில் ஒரு பக்கம் சுருக்கென்று வலியோ, ரத்தக்கசிவோ, மயக்கமோ இருந்தால் கரு குழாயில் தங்கியிருக்கலாம், உடனே ஆஸ்பத்திரி.

எல்லா ரிப்போர்ட்டும் நார்மல். "டென்ஷன்தான்" என்கிறார் டாக்டர். நான் நடிக்கிறேனா?

இல்லை. பதற்றத்தில் மூச்சு வேகமாகி கரியமில வாயு குறைந்தால் நிஜமாகவே தலை கிறுகிறுக்கும், விரல் மரத்துப்போகும். குடலுக்கும் மூளைக்கும் நேரடி நரம்புத் தொடர்பு உண்டு, பரீட்சை அன்று வயிறு கலக்குவது அதனால்தான். நாலு எண்ணி மூச்சை இழுத்து, ஆறு எண்ணி விடுவதைச் சில நிமிடம் செய்து பாருங்கள். வாரக்கணக்கில் தொடர்ந்தால் மனநல மருத்துவரைப் பார்ப்பதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

காது டாக்டரா, நரம்பு டாக்டரா, குடல் டாக்டரா, யாரிடம் முதலில் போவது?

பொது மருத்துவரிடம். மாநகராட்சியின் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிபி, சர்க்கரை, ஹீமோகுளோபின் இலவசமாகப் பார்க்கலாம், 104-ல் போனிலும் ஆலோசனை கேட்கலாம். போகும்போது வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள், லேகியம், சூரணம், புரோட்டீன் பவுடர் உட்பட. தலைசுற்றல் வந்த நேரம், அதற்கு முன் என்ன செய்துகொண்டிருந்தீர்கள், என்ன சாப்பிட்டீர்கள், எவ்வளவு நேரம் நீடித்தது என்று செல்போனில் குறித்து வைத்திருந்தால் அதையும் காட்டுங்கள்.